வால் தொங்கிய நரி

இரண்டாயிரத்து ஒன்றாம் வருஷக் கோடையில், கலிபோர்னியாவின் பே ஏரியாவில் வேலை பார்த்துக்கொண்டிருந்த நம் ஆட்கள் ஆளுக்கொரு சாமியைப் பிடித்து வைத்திருந்தார்கள். ஒருத்தன் சனிக்கிழமை தவறாமல் லிவர்மோர் கோயிலுக்கு டிரைவ் பண்ணினான். இன்னொருத்தன், போன ஆட்குறைப்பில், அதாவது லேஆஃபில், தப்பித்த அன்றைக்குப் போட்டிருந்த நீலச் சட்டையைத் துவைக்காமலே வாராவாரம் மாட்டிக்கொண்டு போனான். எல்லாம் எம்.எஸ்., எம்.சி.ஏ. படித்த ஜென்மங்கள்தான். பயம் வந்துவிட்டால் படிப்பு எங்கே போய் ஒளிந்துகொள்கிறதோ, யார் கண்டது! மரகதத்தின் புருஷன் சபரிக்கு வாய்த்தது ஒரு நரி.

குபெர்டினோவில் ஓடைக்கரையை ஒட்டிய ஒரு டூப்ளெக்ஸ் வீட்டின் பாதியில் அவர்கள் வாடகைக்கு இருந்தார்கள். பின்பக்கம் கொஞ்சம் புல், அதற்கப்பால் பலகை வேலி, வேலியில் ஒரு பலகை இல்லாத சந்து. ஒருநாள் விடிகாலை சமையலறை ஜன்னல் திரையைத் தூக்கிய சபரி அப்படியே நின்றுவிட்டான். சந்துக்கு இந்தப் பக்கம் சாம்பலும் பழுப்புமாக ஒன்று நின்று அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தது.

"மரகதம்! ஏ புள்ள, ஓடியா! நரி!"

அன்றைக்கு ஆபீசில் அவன் டீமில் பாதிப் பேரை ஒவ்வொருவராகக் கான்ஃபரன்ஸ் ரூமுக்குக் கூப்பிட்டார்கள். உள்ளே போனவன் வெளியே வரும்போது கையில் அட்டைப்பெட்டி. சபரியைக் கூப்பிடவில்லை. சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்தவன் செருப்பைக்கூடக் கழற்றாமல், "நரி மொகத்துல முழிச்சேன் புள்ள, தப்பிச்சேன்!" என்றான்.

அவன் வாழப்பாடிப் பக்கத்து ஆள். அங்கே பொங்கலை ஒட்டி ஒரு வங்கா நரியைப் பிடித்து வந்து ஊரே அதன் முகத்தைப் பார்க்கும், பிறகு ஓட விட்டுவிடும். முகம் பார்த்தால் அந்த வருஷம் நல்ல வருஷம். காலேஜ் காலத்தில் இதையெல்லாம் கிண்டலடித்துத் திரிந்தவன்தான் இவன். இப்போது என்னடாவென்றால் கண்கலங்க நிற்கிறான்.

மரகதத்துக்கு ஆரம்பத்திலேயே ஒரு சந்தேகம் இருந்தது. அவளும் ஆத்தூர்க்காரி, நரி பார்க்காதவள் இல்லை.

"ஏங்க, நம்மூர் நரி இத்தினியூண்டுதானே இருக்கும்? இது என்ன இவ்ளோ ஒசரமா இருக்குது?"

"அமெரிக்கா நரி புள்ள. இங்க வெங்காயமே தேங்கா சைசு. கத்திரிக்காய் பாத்தீல்ல, சுரைக்காயாட்டம்! நரி மட்டும் சின்னதாவா இருக்கும்?"

கேட்பதற்கு நியாயமாகத்தான் இருந்தது. அதோடு அவளுக்கும் அது நரியாக இருக்கவேண்டியிருந்தது. வயிற்றில் நாலு மாசம். சபரியின் வேலை போனால் எச்-ஒன் விசா போச்சு, எச்-ஒன் போனால் இன்ஷூரன்ஸ் போச்சு. இரண்டு தடவை கலைந்து மூன்றாவதாகத் தங்கிய பிள்ளை இது. லாங் ஃபிளைட் வேண்டவே வேண்டாம், பெட் ரெஸ்ட் மாதிரி இருங்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தாள். மூட்டை கட்டிக்கொண்டு கிளம்பு என்று எவனாவது சொன்னால் இந்த வயிற்றை எங்கே வைத்துவிட்டுப் போவது?

ஆகவே நரி தினமும் வரவேண்டும். வரவேண்டுமென்றால் ஏதாவது வைக்கவேண்டும். கோழித்தோல், கழுத்து, மிஞ்சிய எலும்பு எல்லாவற்றையும் ஒரு பழைய தட்டில் போட்டு விடிகாலையில் சந்தருகே வைத்துவிட்டு வருவாள் மரகதம். அது வந்து தின்னும். சபரி காபியோடு ஜன்னலில் நின்று முகத்தைப் பார்ப்பான். பிறகுதான் பல்லே தேய்ப்பான். இப்படியே இரண்டு ரவுண்டு லேஆஃப் போனது, அவன் சீட்டு அசையவில்லை. கேட்கவா வேண்டும்!

டூப்ளெக்ஸின் மறுபாதியில் ஹெலன் இருந்தாள். எழுபது தாண்டியவள், பள்ளிக்கூட லைப்ரரியில் வேலை பார்த்து ரிடையரானவள், புருஷன் செத்து ஆறேழு வருஷம். மரகதம் என்ற பேர் அவள் வாயில் நுழையவில்லை, 'மார்ஜி' ஆக்கிவிட்டாள். மரகதத்துக்கு கார் ஓட்டத் தெரியாது. டாக்டர் அப்பாயின்ட்மென்ட் ஒவ்வொன்றுக்கும் ஹெலன்தான் கூட்டிப்போய், காத்திருந்து, கூட்டிவந்தாள். முதல் தடவை ஸ்கேனில் இதயத்துடிப்பைப் பார்த்தபோது மரகதத்தின் கையைப் பிடித்திருந்ததும் சபரி இல்லை, ஹெலன்தான். அவன் மீட்டிங்கில் இருந்தான்.

ஹெலனுக்கு இந்த உலகத்தில் மிச்சமிருந்தது பட்டன். முழங்கை மடிப்பில் அடங்கிவிடும் வெள்ளை நாய். புருஷன் கடைசி வருஷத்தில் வாங்கிக்கொடுத்தது. "நான் போனபிறகு உன்னைத் திட்டுவதற்கு ஒரு ஆள் வேண்டுமே என்று வாங்கினான்" என்று சொல்லிச் சிரிப்பாள். பட்டனும் சும்மா இருக்காது. சுவருக்கு அந்தப்பக்கம் காலையில் அதன் குரைப்பு கேட்டால்தான் மரகதத்துக்கு இங்கே பொழுது விடியும்.

ஆகஸ்ட்டில் ஒருநாள் தபால் பெட்டியில் நகராட்சி நோட்டீஸ் ஒன்று கிடந்தது. இரண்டு படங்கள், பக்கத்தில் பக்கத்தில். இது நரி, இது கயோட்டி, வீட்டருகே பார்த்தால் வித்தியாசம் தெரிந்துகொள்ளுங்கள் என்று போட்டிருந்தது. மரகதம் காபியை ஆறவிட்டுப் படித்தாள். நரிக்குக் கால் குட்டை, பூனையைவிடக் கொஞ்சம் பெரிய உடம்பு. ஓடும்போது புசுபுசுவென்ற வாலை உடம்புக்கு நேராக நீட்டிக்கொண்டு ஓடும். கண்மணி பூனைக்கு இருப்பதுபோல் நெட்டுக்குத்தாக இருக்கும். கயோட்டி ஓநாய் ஜாதி. கால் நீளம், காது பெரிசு, கண்மணி நாய்க்கு இருப்பதுபோல் வட்டம். ஓடும்போது வால் கீழே தொங்கும். அடியில் கொட்டை எழுத்தில், தயவுசெய்து தீனி போடாதீர்கள், போட்டால் அபராதம், தீனி கண்ட கயோட்டிக்கு மனுஷ பயம் போய்விடும், பூனையையும் சின்ன நாய்களையும் தூக்கும் என்று எழுதியிருந்தது.

இத்தனை நாள் முகம் பார்த்தார்களே, அந்தக் கண்ணைப் பார்த்தார்களா? வட்டம். நல்ல மஞ்சளில் வட்டமான கறுப்பு. வால்? ஒருநாளும் நீண்டதில்லை. தொங்கியே கிடந்தது.

சாயங்காலம் சபரி வந்ததும் நோட்டீசை நீட்டினாள். "ஏங்க, அது நரியில்லீங்க."

அவன் படித்தான். முகம் சுண்டிப்போனது. "இப்பப் போயி இதை எதுக்குச் சொல்ற? வியாழக்கிழமை அடுத்த ரவுண்டு. என் மேனேஜரே ரெண்டு நாளா என் மூஞ்சியப் பாக்க மாட்டேங்கிறான்."

"வால் தொங்குதுங்க."

"தொங்குனா தொங்கட்டும். எனக்கு வாலா முக்கியம்? மொகம் நரி மொகமா இல்லையா, அதச் சொல்லு."

"பக்கத்துல பட்டன் இருக்குதுங்க. ஹெலன்கிட்டச் சொல்லிரலாம்."

"என்னன்னு சொல்லுவ? நாங்கதான் கோழி போட்டு வளத்தோம்னா? படிச்சீல்ல, ஃபைன் போடுவான். போலீஸ் ரெக்கார்டு ஆச்சுன்னா கிரீன் கார்டு என்னாவும்? வியாழக்கிழமை வரைக்கும் வாயத் தொறக்காத புள்ள. உன் கால்ல விழறேன்."

ரெக்கார்டு ஆகுமா, கிரீன் கார்டு போகுமா, யாருக்குத் தெரியும். அவனுக்கும் தெரியாது, அவளுக்கும் தெரியாது. கேட்டுத் தெரிந்துகொள்ள ஒரு நாதியும் இல்லை.

மரகதம் தன்னால் முடிந்த ஒன்றைச் செய்தாள். மறுநாளிலிருந்து தட்டு வைப்பதை நிறுத்திவிட்டாள். சபரியிடம் வைத்துவிட்டேன் என்றாள். பசித்தால் தானே வேறு இடம் பார்த்துக்கொண்டு போய்விடும் என்று நினைத்தாள், பாவி. அது போகவில்லை. வந்தது, வழக்கமான இடத்தை முகர்ந்தது, தரையை நக்கியது. பிறகு உட்கார்ந்துகொண்டு சமையலறை ஜன்னலையே பார்த்தது. கடன்காரன் வாசலில் உட்கார்ந்திருப்பதுபோல் இருந்தது அவளுக்கு. கண்ணாடியைத் தட்டினாள், கையை வீசினாள். அசையவில்லை. இவள் கையைப் பார்த்தா அது பயப்படப்போகிறது? சோறு போட்ட கை.

வியாழக்கிழமை காலை சபரி அதன் முகத்தைத் திருப்தியாகப் பார்த்துவிட்டு, நெற்றியில் விபூதியோடு ஆபீஸ் கிளம்பினான். கார் சத்தம் அடங்கியதும் சுவருக்கு அந்தப்பக்கம் பின்கதவு திறக்கும் சத்தமும், பட்டனின் குரைப்பும் கேட்டன. ஹெலன் நாயை வெளியே விட்டுவிட்டு உள்ளே போவாள், அது அவள் குளிக்கிற நேரம். மரகதம் கையிலிருந்த பாத்திரத்தைப் போட்டுவிட்டு ஓடினாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு எவ்வளவுதான் ஓட முடியும்! கதவைத் திறப்பதற்குள் குரைப்பு கீச்சென்று ஒன்றாகிப் பாதியில் நின்றது.

இரண்டு வீட்டுக்கும் நடுவே இடுப்பளவு வேலிதான். அதைத் தாண்டி வந்துகொண்டிருந்தது அது. வாயில் வெள்ளையாக ஒன்று.

"ஏய்! ச்சீ, விடு! விடு சனியனே!"

அவளை ஒரு தடவை திரும்பிப் பார்த்தது. பிறகு அவசரமே இல்லாமல் பலகைச் சந்துக்குள் நுழைந்து ஓடைப் பக்கம் இறங்கியது. வால் தொங்கிக்கொண்டு போனது. புல்லில் இரண்டு மூன்று சொட்டு ரத்தம். மரகதம் அந்த இடத்திலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"பட்டன்?" என்று உள்ளேயிருந்து ஹெலன் கூப்பிட்டாள். "பட்டன், என்ன சத்தம் அங்கே?"

அப்போதே சொல்லியிருக்கலாம். எழுந்து, உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். பிறகு ஒரு கிண்ணம் தண்ணீர் கொண்டுவந்து ரத்தச் சொட்டுகளின்மேல் ஊற்றினாள். ஏன் ஊற்றினாள் என்று கேட்டால் அவளுக்கே தெரியாது.

மத்தியானம் சபரி போன் பண்ணினான். "தப்பிச்சேன் மரகதம்! மேனேஜரே அவுட், நான் இன்! நான் சொன்னேன்ல, மொகம்தான் புள்ள, மொகம்!" அவள் ஓவென்று அழுதாள். சந்தோஷத்தில் அழுகிறாள் என்று நினைத்து, வரும்போது ஸ்வீட் வாங்கிவருகிறேன் என்றான்.

இருட்டுவதற்கு முன்னால் ஹெலன் வந்து கதவைத் தட்டினாள். கண் இரண்டும் வீங்கியிருந்தன. கையில் பட்டனின் கயிறு, இன்னொரு கையில் அதே நோட்டீஸ். சோபாவில் மரகதத்தை ஒட்டி உட்கார்ந்து நோட்டீசை மடியில் விரித்தாள்.

"மார்ஜி, நீ நாளெல்லாம் வீட்டில் இருக்கிறாய். ஓடைப் பக்கமிருந்து ஏதோ வருகிறதென்று எதிர்வீட்டில் சொல்கிறார்கள். நீ பார்த்தாயா?"

மரகதம் பார்த்தேன் என்று தலையாட்டினாள்.

"எது? இதுவா, இதுவா?" ஹெலனின் விரல் நரியின்மேல் நின்றது. "நான் நகராட்சிக்குப் போன் பண்ணிக் கேட்டேன். நரியாக இருந்தால் பட்டன் அளவு நாயைத் தூக்குவது ரொம்ப அபூர்வமாம். நரியைப் பார்த்துப் பயந்து வேலி தாண்டி ஓடியிருப்பான். எங்கேயாவது காருக்கு அடியில் ஒளிந்துகொண்டிருப்பான். மற்றதாக இருந்தால்..." பக்கத்துப் படத்தை உள்ளங்கையால் மூடிக்கொண்டாள். "நன்றாக யோசித்துச் சொல், கண்ணு. நரிதானே?"

சபரி பின்னால் நின்று தொண்டையைச் செருமினான். மரகதத்துக்கு அவன்மேல் வந்த கோபத்தில் அவன் வாங்கிவந்த ஸ்வீட் டப்பாவைத் தூக்கி அவன் தலையில் அடிக்கலாம்போல் இருந்தது. ஆனால் அவள் பார்த்துக்கொண்டிருந்தது அவனை இல்லை, ஹெலனின் முகத்தை. உண்மையைச் சொல்லவேண்டும் என்றால் இந்த முகத்தைப் பார்த்துத்தான் சொல்லவேண்டும். பார்த்துக்கொண்டே எப்படிச் சொல்வது?

"ஃபாக்ஸ்," என்றாள்.

ஹெலன் அவளை இழுத்துக் கட்டிக்கொண்டாள். "கடவுளே, நன்றி. நன்றி, மார்ஜி."

அதன்பிறகு தினமும் காலையும் மாலையும் ஹெலன் கயிறும் கையுமாகத் தெருத்தெருவாக நடந்தாள். டெலிபோன் கம்பங்களில் பட்டனின் போட்டோ ஏறியது. அடுத்த அப்பாயின்ட்மென்ட்டுக்கும் ஹெலன்தான் மரகதத்தைக் கூட்டிப்போனாள். ஜன்னல் கண்ணாடியை முழுக்க இறக்கிவிட்டு, பின்னால் வருகிறவன் ஹார்ன் அடிக்க அடிக்க, மெதுவாக ஓட்டிக்கொண்டு, "பட்டன்! பட்டன்!" என்று கூப்பிட்டுக்கொண்டே போனாள். "நீயும் கூப்பிடு மார்ஜி, உன் குரல் அவனுக்குத் தெரியும்." மரகதமும் கூப்பிட்டாள். கூப்பிடாமல் என்ன செய்வாள்? டாக்டர் பிரஷர் பார்த்துவிட்டு, ஏன் இவ்வளவு ஏறியிருக்கிறது, வீட்டில் ஏதாவது கவலையா என்று கேட்டாள். ஒன்றுமில்லை என்றாள்.

சொல்லிவிடலாம், இன்றைக்குச் சொல்லிவிடலாம் என்று தினமும் எழுந்தாள். ஒவ்வொரு நாளும் அது இன்னும் கஷ்டமாகிக்கொண்டே போனது. முதல்நாள் சொல்லியிருந்தால் ஒரு பொய். இப்போது சொன்னால், இந்தக் கிழவியை இத்தனை தெரு நடக்கவைத்த பாவமும் சேர்ந்துகொள்ளும். சபரியிடம் சொல்லி அழுதால், "விடு புள்ள, கொஞ்ச நாள்ல வேற நாய் வாங்கிருவாங்க" என்றான். அவனோடு இரண்டு நாள் பேசவில்லை. அவன் கவனித்தமாதிரி தெரியவில்லை.

பிறகு ஒருநாள் விடிகாலை, வழக்கம்போல் தூக்கம் கலைந்து ஜன்னலுக்கு வந்தாள். ஹெலனின் பின்கதவருகே, படிக்கட்டின்மேல் அது நின்றுகொண்டிருந்தது. தலையைக் குனிந்து எதையோ தின்றுகொண்டிருந்தது. நிதானமாகத் தின்று முடித்து, சுற்றிலும் நக்கி, நிமிர்ந்து இவள் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு வேலி தாண்டிப் போயிற்று.

இவளுக்குப் புரிந்து முடிப்பதற்குள் வாசலில் தட்டும் சத்தம். ஹெலன் கவுனோடு, தலைகூடச் சீவாமல் நின்றாள். கையில் பட்டனின் சாப்பாட்டுக் கிண்ணம், காலியாக. இத்தனை நாளில் அவள் முகத்தில் சிரிப்பைப் பார்ப்பது இதுதான் முதல் தடவை.

"வந்திருக்கான், மார்ஜி! ராத்திரி படியில் சாப்பாடு வைத்துவிட்டுப் படுத்தேன். பார், ஒரு பருக்கை மிச்சமில்லை! பயந்துபோய் இருக்கிறான், அதுதான் வெளிச்சத்தில் வரமாட்டேன் என்கிறான். ஆனால் வந்திருக்கான்!"

"ஹெலன்..." என்றாள் மரகதம்.

"சொல்லு, கண்ணு."

மரகதம் கிண்ணத்தைப் பார்த்தாள்.

"இன்றைக்குக் கொஞ்சம் கோழியும் சேர்த்து வைக்கப்போகிறேன்," என்றாள் ஹெலன். "கோழி என்றால் அவனுக்கு உயிர். வைக்கலாம்தானே?"

"வைங்க," என்றாள் மரகதம், தமிழில். ஹெலனுக்கு அது புரிந்துவிட்டது. அவள் கன்னத்தைத் தட்டிக்கொடுத்துவிட்டு, கிண்ணத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.