சிவப்புப் பொட்டு வைத்த மங்கு

சின்னையாவுக்கு வாய்க்கரிசி போட இருந்தவர்கள் ஐந்து பேர்: மனைவி நல்லம்மாள், மகள் ரமணி, போர்ட் கிள்ளானில் கூடவே லோரி ஓட்டிய தம்புசாமி, பக்கத்து வீட்டு இந்திரா, பந்திங்கிலிருந்து வந்த தம்பி கண்ணப்பன். தம்பி வாசலைத் தாண்டவில்லை.

நல்லம்மாள் ஒரு சாண் உயரத்திலிருந்து அரிசியை உதிர்த்தாள். பாதி சின்னையாவின் மீசையில் விழுந்தது. மற்றவர்களும் அதே உயரத்தைப் பிடித்துக்கொண்டார்கள். ரமணி மட்டும் உதட்டில் விரல் பட வைத்தாள்.

"போய்க் கையக் கழுவு. சவுக்காரம் போட்டுக் கழுவு," என்றாள் அம்மா.

"ரத்தப் புத்துநோய் ஒட்டாது லா, அக்கா," என்றார் தம்புசாமி.

"அப்ப நீங்க ஏண்ணே மேலேருந்து போட்டீங்க?" என்றாள் இந்திரா.

தம்புசாமி தன் கையைப் பார்த்துக்கொண்டார்.

"புத்துநோய் ஒட்டாது. ஈரல்ல இருந்த கிருமி ஒட்டும்," என்றாள் நல்லம்மாள்.

எழுபத்தொன்பதாம் வருடம் லோரி கவிழ்ந்தபோது ஏற்றிய ரத்தத்தோடு வந்த கிருமி. தொண்ணூற்றொன்றில்தான் தெரிந்தது. அன்றே நல்லம்மாள் அவர் தேநீர் குடிக்கும் மங்கின் அடியில் நகப்பூச்சால் சிவப்புப் பொட்டு வைத்தாள். தட்டு, தலையணை, எல்லாம் தனி. ஐந்து வருடம்.

மூன்று மாதத்துக்கு முன் கழுத்தில் கட்டிகள். வெள்ளை அணுவில் வரும் கேன்சர் என்றார் டாக்டரம்மா. அந்தக் கிருமி வருடக்கணக்கில் உடம்பில் இருந்ததால் வந்திருக்கலாம், இப்போதுதான் அப்படிக் கண்டுபிடிக்கிறார்கள், நிச்சயமில்லை என்றார்.

கூடப் போயிருந்த ரமணி ஒன்றுதான் கேட்டாள். "தட்டு, மங்குல ஒட்டுமா டாக்டர்?"

"ஒட்டாதும்மா. ரத்தத்துலதான். யார் சொன்னா?"

திரும்பும் பஸ்ஸில் அப்பா சொன்னார்: "அம்மாகிட்டச் சொல்லாத. இத்தன வருசம் சும்மா ஒதுக்கி வெச்சோம்னு தெரிஞ்சா உடஞ்சிடுவா."

மறுநாள், தேய்ந்துபோயிருந்த பொட்டை அவரே ரமணியின் நகப்பூச்சால் தீட்டினார்.

ஆண்கள் உடலை எடுத்துப் போனார்கள். வீட்டைக் கழுவிவிட்டு நல்லம்மாள் அவருடைய மங்கைச் செய்தித்தாளால் பிடித்து ரமணியிடம் நீட்டினாள்.

"பின்பக்கக் குப்பத்தொட்டில போட்டுட்டு முன்வாசலா வா. இந்தக் கதவ நான் பூட்டிடறேன்."

"அம்மா."

"என்னா?"

மங்கின் அடியில் பொட்டு இன்னும் பளபளத்தது.

"ஒண்ணுமில்ல."

ரமணி மங்கை வாங்கிக்கொண்டு பின்சந்தில் இறங்கினாள். பின்னால் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. சாவி இரண்டு முறை திரும்பியது.