சினை ஆட்டுக்கு ஒரு நல்ல முடிவு

1
உண்மையைச் சொன்னால் இந்தக் கதை பொறாமையில் பிறந்தது. எழுத்தாளர் கமலக்கண்ணனின் நண்பர் புயலைப் பற்றி எழுதிப் பரிசு வாங்கிவிட்டார். மிச்சம் இருந்தது வெயில். கால்நடை மருத்துவமனைச் சுவரில் ‘வெப்ப அயர்ச்சி: ஆடு மூச்சிரைக்கும், தீனி எடுக்காது, சினை கலையும்’ என்று படித்தவர், சிக்கியதடா கதை என்று வீட்டுக்கு ஓடிவந்து, கதவைச் சாத்தி, ஏசியை இருபத்திரண்டில் வைத்து உட்கார்ந்தார். (‘நான்’ என்றே எழுதியிருக்கலாம். துணிச்சல் இல்லை. காரணம் போகப் போகத் தெரியும்.)

2
‘கத்திரி வெயில் புதுச்சேரித் தெருக்களில் தீயாய்’ — வேண்டாம், பள்ளிக்கூடக் கட்டுரை.

‘அந்த ஆட்டின் கண்களில் ஆயிரம்’ — ஆயிரம் என்ன? ஆட்டோடு அவருக்கு ஞாயிற்றுக்கிழமைப் பழக்கம் மட்டும்தான்.

சரி, பார்த்து எழுத ஓர் ஆடு வேண்டும். பின்பக்கச் சந்தில் இருதயமேரியின் தகரக் கொட்டகையில் ஒன்று இருந்தது. அவள் புதுச்சேரி மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் சோப்புக் கம்பெனி வேலைக்குப் போகிறவள். போன கத்திரியில் அந்த ஆட்டுக்கு இரண்டு குட்டியும் கலைந்துபோய், அவள் அழுதது சுவர் தாண்டிக் கேட்டது. எழுத்தாளர் அப்போது வேறொரு கதையில் மும்முரமாக இருந்தார். இப்போது மறுபடி சினை. கதையில் அவளை விவரம் தெரியாத அப்பாவியாக வைத்து, நாலு பக்கம் சூரியனைத் திட்டவைத்தார்.

3
நடுமதியம் அந்த அப்பாவி கதவைத் தட்டினாள். எழுத்தாளர் நோட்டோடு போனார்.

“தகரத்து மேல ஓலை போட்டுட்டேன் சார். சாக்கை நனைச்சிக் கட்டிட்டேன். அப்பவும் வாயத் தொறந்துகினு இரைக்குது. கைய வெச்சிப் பாத்தேன். உங்க ஏசி பின்னால வுடுற அனலு நேரா அது மேலதான் அடிக்குது.”

இடம் மாற்றிக் கட்டக் கூடாதா என்று கேட்டார். சந்தின் அந்தப் பக்கம் மொட்டை வெயில் என்றாள். எழுத்தாளர் ஏசியை நிறுத்தினார்.

“பதினஞ்சு நாள் தாங்கிட்டா குட்டி போட்டுடும். நான் ஷிஃப்டு முடிஞ்சி பத்து மணிக்குத்தான் வருவேன். பாத்துக்குங்க சார்.”

நாலு பக்கத்தையும் கிழித்தார். இத்தனை நாள் சூரியன்மேல் பழி போட்டவருக்கு வெட்கமாகத்தான் இருந்தது.

4
முடிவு ஒன்று: சினை கலைகிறது. பரிசுக்குத் தோதானது. ஆனால் அது கதையாக இருக்காது, ஒப்புதல் வாக்குமூலமாக இருக்கும்.

முடிவு இரண்டு: ஆடு அறைக்குள் புகுந்து கதையைத் தின்றுவிடுகிறது. (ஆடு வருகிற பாதிக் கதை இப்படித்தான் முடிகிறது. சீச்சீ.)

முடிவு மூன்று: இரண்டு குட்டிகள், ஒன்று கறுப்பு, ஒன்று செவலை. இருதயமேரி சிரிக்கிறாள். எழுத எழுத அவருக்கே கண் கலங்கியது. வியர்வை சொட்டி மையும் கலங்கியது. நல்ல முடிவாயிற்றே, நிதானமாக எழுத வேண்டாமா? பத்தே பத்து நிமிடம் என்று

அந்தப் பத்து நிமிடத்தில்தான் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். அறை குளுகுளுவென்று இருக்கிறது. ஏசிச் சத்தத்தையும் மீறி ஆடு இரைப்பது கேட்கிறது. அவள் வர இன்னும் ஏழு மணி நேரம் இருக்கிறது. ரிமோட் இதோ, இந்தத் தாளுக்குப் பக்கத்தில். என் கையை நம்பிப் பயனில்லை. நீங்கள் அமுக்குங்கள்.