ஒரு கையெழுத்துக் குறைந்த படிவம்

1

இந்தக் கதை என்னுடையதல்ல. லக்ஷ்மிபாய் நகரில் கீழ்வீட்டு மதுமதி சொன்னது. "எழுதிக்கோங்க அக்கா, பேரை மட்டும் மாத்திடுங்க" என்றாள். மாற்றிவிட்டேன்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'உயிர் எந்தக் கணத்தில் தொடங்குகிறது என்ற கேள்விக்கு அறிவியலும் மதமும்...' அடித்துவிட்டேன். அவள் வீட்டில் யாரும் அப்படிப் பேசுவதில்லை.

2

கணவன் ஜெயசீலன் ராணுவத்தில் இருந்தவன். வண்டி கவிழ்ந்து முதுகுத்தண்டு போய், நான்கு வருடமாகச் சக்கர நாற்காலி. மகளுக்கு ஒன்பது வயது, சோதனைக்குழாய்க் குழந்தை. அப்போது மிஞ்சிய மூன்று கருக்கள் மருத்துவமனையில் உறைநிலையில் இருந்தன. வைத்திருக்கும் காலம் முடிகிறது என்று படிவம் வந்தது. அவற்றைக் குருத்தணு (ஸ்டெம் செல்) ஆராய்ச்சிக்குத் தர இருவரும் கையெழுத்திட வேண்டும். இல்லாவிட்டால் அழித்துவிடுவார்கள். இன்னொரு பிள்ளையைச் சுமக்க மதுமதியின் உடம்பு இடம்கொடுக்காது.

அவள் அன்றே கையெழுத்திட்டாள்.

3

"உங்கள மாதிரி ஆளுங்களுக்காகத்தானே ஆராய்ச்சி பண்றாங்க?"

"நான் எழுந்து நடக்க எம்பிள்ளைங்கள வெட்டிப் பாக்கணுமா?"

"பிள்ளைங்களா? குண்டூசி முனை அளவுகூட இல்லீங்க."

"பாப்பாவும் அந்த அளவுலதான் இருந்தா."

(இங்கே ஜெயசீலனைப் பிடிவாதக்காரனாக எழுதியிருந்தேன். சர்ச் பிரசங்கத்தில் இதைக் கொலை என்றார்கள், அதையே சொல்கிறான் என்று. பிறகு யோசித்தேன்: நடக்க வேண்டுமென்று அவனைவிட ஆசைப்படுகிறவர் யார்? அந்தப் பத்தியை எடுத்துவிட்டேன்.)

4

ஒரு முடிவு: அவன் மனம் மாறிக் கையெழுத்திடுகிறான். பொய்.

இன்னொன்று: அவன் கையெழுத்தை அவளே போட்டுவிடுகிறாள். இதைச் சொன்னதும் மதுமதி தலைகுனிந்தாள். "பேனாவ எடுத்தேன் அக்கா. முடியல."

5

நடந்தது இதுதான். மருத்துவமனையிலிருந்து இரண்டு முறை கூப்பிட்டு "ஜல்தி சொல்லுங்க மேடம்" என்று அவசரப்படுத்தினார்கள். கெடு முடிந்தது. ஒரு செவ்வாய்க்கிழமை பகலில் செல்போனுக்குச் செய்தி வந்தது: மூன்றும் அழிக்கப்பட்டன. அவள் நினைத்ததும் நடக்கவில்லை, அப்படியே இருக்கட்டும் என்று அவன் நினைத்ததும் நடக்கவில்லை.

செய்தியைப் படித்துவிட்டு ஜெயசீலன் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு சமையலறை வாசலுக்கு வந்தான்.

"எங்க போட்டிருப்பாங்க, மது?"

அவள் பதில் சொல்லவில்லையாம். அவளுக்காக ஒரு பதிலை நான்கு நாளாக எழுதிப் பார்க்கிறேன். 'அவங்க பத்திரமா...' இல்லை. 'அதெல்லாம் நீங்க...' இல்லை. எதுவும் நிற்கவில்லை.

உங்களுக்கு ஏதாவது தோன்றினால் எழுதிக்கொள்ளுங்கள். அவன் இன்னும் வாசலில்தான் இருக்கிறான்.