ஏழாவது கேள்வி

ஒரே ஒரு ஊசி. சட்டைக் கையைச் சுருட்டி இறக்குவதற்குள் போட்டு முடித்துவிடுகிற சாதாரண ஃப்ளூ ஊசி. அதற்காக ஒருபக்கத்தார் அந்தச் சுகாதார நிலையத்துக்கு மூன்றாவது முறையாக வந்திருந்தார். முதல் முறை வந்தபோது மருந்து தீர்ந்துவிட்டது என்று கையை விரித்தார்கள். இரண்டாம் முறை மருந்து இருந்தது, லிஃப்ட் ஓடவில்லை. ஊசி போடுகிற அறை மாடியில். "நீங்க மேல வரணும்" என்ற ஊழியரிடம், "ஊசி கீழ வரக்கூடாதா" என்று அக்கா கேட்டாள். வரக்கூடாதாம். மருந்து அந்த அறையை விட்டு வெளியே போகக்கூடாது என்று விதியாம். நூறு கிலோ சக்கர நாற்காலியும் அதில் உட்கார்ந்திருக்கிற மனிதரும் பறந்து மாடிக்கு வரலாம், அதற்கு விதி எதுவும் தடையில்லை.

ஒருபக்கத்தார் என்பது அலுவலகத்தில் வைத்த பெயர். சுகாதாரத் துறைக்குப் படிவம் தயாரிக்கும் பிரிவில் இருபது வருஷமாக வேலை. மூன்று பக்கம் இழுக்கிற படிவத்தை அவரிடம் கொடுத்தால் ஒரே பக்கத்தில் அடக்கித் தருவார். எதை வெட்டினார் என்று எழுதியவருக்கே தெரியாது, அவ்வளவு சுத்தமாக வெட்டுவார். தசை தேய்கிற நோய் முதலில் கால்களை எடுத்துக்கொண்டது, பிறகு தோள்களை, இப்போது மூச்சில் கை வைத்திருக்கிறது. ஒரு விரலால் உருட்டுகிற பந்தை வைத்து வீட்டிலிருந்தபடியே கணினியில் வேலை செய்கிறார். இரவில் முகமூடி மாட்டி இயந்திரம் காற்றுத் தள்ளினால்தான் தூக்கம். நீளமான வாக்கியம் பேசினால் பாதியில் மூச்சு நின்றுவிடும். அதனால் பேச்சிலும் வெட்டுதான். "தண்ணி" என்பார். "வலது கை" என்பார். வார்த்தையை மிச்சம் பிடித்துப் பிடித்து அதுவே புத்தியாகிவிட்டது.

போன வருஷம் ஊசி போடவில்லை. சளிக்காய்ச்சல்தானே என்று விட்டுவிட்டார். அந்தச் சளிக்காய்ச்சல் அவரைத் தீவிர சிகிச்சைப் பிரிவில் பதினேழு நாள் படுக்கப் போட்டது. தொண்டைக்குள் குழாய். அதை எடுத்த பிறகு நுரையீரல் டாக்டர் கட்டிலருகே வந்து நின்று, "இன்னொரு தடவை குழாய் போட்டா எடுக்க முடியுமான்னு எனக்குத் தெரியாது. அடுத்த வருஷம் ஊசி போடாம என் முன்னாடி வந்துடாதீங்க" என்றார். அதோடு ஒரு கடிதமும் எழுதிக் கொடுத்தார். இந்த வருஷக் காய்ச்சல் ஊருக்குள் வந்து மூன்று வாரமாகிறது. பக்கத்து வீட்டில் இருமுகிற சத்தம் கேட்டாலே அக்கா ஜன்னலைச் சாத்துகிறாள்.

அக்கா கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளியில் பயிற்சியாளர். நாள் முழுக்கப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து "பிரேக், பிரேக்" என்று கத்திக் கத்திப் பழகிய குரல். அன்று மூன்று மாணவர்களை வேறு நாளுக்குத் தள்ளிவிட்டுத் தம்பியை வேனில் ஏற்றிக்கொண்டு வந்திருந்தாள். லிஃப்ட் ஓடியது. மருந்தும் இருந்தது. அப்பாடா என்று இரண்டு பேருக்கும் ஒரு நிமிஷம் மூச்சு வந்தது.

மாடிக் கூடத்தில் இருமலும் குழந்தை அழுகையுமாகக் கூட்டம். அக்கா அவரை ஜன்னல் ஓரமாகத் தள்ளி நிறுத்தினாள். ஊழியர் கொடுத்த படிவத்தை மடியில் வைத்துக்கொண்டு, பேனா மூடியைப் பல்லால் கடித்து இழுத்தாள்.

"இன்னைக்குக் காய்ச்சல் இருக்கா?"

"இல்ல."

"முட்டை சாப்பிட்டா மூச்சு முட்டுமா?"

"இல்ல."

"முட்டை இல்லாமலே முட்டுது, அத எங்க எழுதறது?" என்று அவளே சிரித்துக்கொண்டு டிக் போட்டாள். ஆறு கேள்வி இப்படியே போனது. "ஏழு. கைகால் தளர்ச்சி, தசை பலவீனம் உண்டா? நல்லா கேட்டாங்க போ. சக்கரத்து மேல ஏறி வந்தவன்கிட்ட." ஆம் என்ற கட்டத்தில் அழுத்தி ஒரு டிக் போட்டாள்.

அது காதில் விழுந்ததும் ஒருபக்கத்தாருக்கு என்னவோ உறுத்தியது. என்னவென்று பிடிபடுவதற்குள் கூப்பிட்டுவிட்டார்கள்.

நர்ஸ் நடுவயதுக்காரர். கண்ணுக்குக் கீழே கருப்பு வளையம். காலையிலிருந்து நிற்கிற கால் வலி முகத்தில் தெரிந்தது. படிவத்தை மேஜைமேல் விரித்து விரலால் ஒவ்வொரு வரியாக இறங்கினார். ஏழில் விரல் நின்றது.

"இவருக்குப் போட முடியாதுங்க."

"ஏன்?" என்றாள் அக்கா.

"ஏழுல ஆம்னு இருக்கு. ஏழு கேள்வில ஒண்ணு ஆம்னா கூட ஊசி போடக்கூடாதுன்னு கீழயே இருக்கு பாருங்க."

அக்கா டாக்டர் கடிதத்தை எடுத்து மேஜைமேல் வைத்தாள். நர்ஸ் அதைப் படித்தார். உண்மையிலேயே படித்தார். பிறகு பெருமூச்சு விட்டார். "டாக்டர் சொல்றது சரியாத்தான் இருக்கும். ஆனா எனக்கு வந்திருக்கிறது இந்தப் படிவம். இத மீறிப் போட்டு ஏதாவது ஆச்சுன்னா என் தலைதான் உருளும்."

"சரி, இல்லைன்னு மாத்திடறேன். குடுங்க."

"நான் பாத்துட்டேனே."

"கண்ண மூடிக்கோங்க."

"ஏங்க, விளையாடாதீங்க."

"நான் விளையாடறேனா? நீங்க விளையாடறீங்களா?" அக்காவின் குரல் எகிறியது. கூடத்தில் இருமல்கூட ஒரு கணம் நின்றது. "தசை நோய்க்காரனுக்குத்தான் மொதல்ல போடணும்னு டாக்டர் எழுதறாரு. தசை நோய் இருந்தா போடாதேன்னு உங்க படிவம் சொல்லுது. எந்த அறிவுக்கொழுந்து எழுதினான் இத? வீட்டுல நோயாளின்னு ஒருத்தர வச்சுப் பாத்திருப்பானா அவன்? நாலு நாள் தொண்டையில குழாயோட படுத்திருக்கணும் அவன். அப்பத் தெரியும்."

ஒருபக்கத்தார் மேஜைமேல் கிடந்த தாளைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஓரத்தில் மெல்லிய இரட்டைக் கோடு. கட்டங்கள் வலப்பக்கம் நேராக ஒரே வரிசையில். கையெழுத்துக்கு அடியில் சரியாக ஒரு விரற்கடை இடம். அப்படி இடம் விடுகிற ஆள் துறையில் ஒருவர்தான்.

எட்டு மாதத்துக்கு முன்பு ஒரே வாரத்தில் முப்பது படிவங்கள் அவரிடம் வந்தன. அதில் ஒன்று இது. ஒன்றேகால் பக்கம் இருந்தது. ஒரு பக்கம் ஆகவேண்டும் என்று மேலே ஒட்டுக்காகிதம். ஏழாவது கேள்வி மட்டும் மூன்று வரி. முன்பு ஃப்ளூ ஊசி போட்ட ஆறு வாரத்துக்குள் கைகால் தளர்ந்து நடக்க முடியாமல் போனதுண்டா என்பது அதன் சாரம். மூன்று வரியை ஒரு வரியாக்கினார். ஊசி போயிற்று, ஆறு வாரம் போயிற்று, தளர்ச்சி மட்டும் நின்றது. படிவம் அழகாக ஒரு பக்கத்தில் உட்கார்ந்தது. மேலே இருந்த டாக்டர் குழு பார்த்து ஒப்புதல் முத்திரை குத்தியது. இவர்களும் படிக்கவில்லையே என்று ஒரு கணம் அவர்கள்மேல் ஆத்திரம் வந்தது. அது நிலைக்கவில்லை. தேய்கிற தசையோடு உட்கார்ந்துகொண்டு, தளர்ச்சி என்ற சொல்லைத் தன் விரலால் உருட்டி வைத்தவர் அவர்தான். தன்னைப் பற்றித்தான் அது என்று தோன்றவே இல்லை. வரி எண்ணிக்கைதான் கண்ணில் இருந்தது.

"அக்கா" என்றார்.

"நீ சும்மா இருடா. இன்னைக்கு இத விடறதா இல்ல. எழுதினவன் பேர் என்ன, எந்த ஆபீஸ்னு சொல்லுங்க சிஸ்டர், நான் நேரா போறேன்."

"அக்கா. நான்தான்."

"என்ன நான்தான்?"

"எழுதினது."

அக்கா அவரைப் பார்த்தாள். தாளைப் பார்த்தாள். மறுபடி அவரைப் பார்த்தாள். இவ்வளவு நேரம் கூடத்தையே தூக்கி நிறுத்திய குரல் எங்கே போனதென்று தெரியவில்லை.

"பதினேழு நாள் அந்தக் கண்ணாடிக்கு வெளிய நின்னேன்டா" என்றாள் மெதுவாக. திட்டியிருந்தால் தேவலை என்று அவருக்கு இருந்தது.

அவர் சொல்லச் சொல்ல அக்கா அவருடைய ஃபோனில் பழைய மின்னஞ்சலைத் தேடி எடுத்தாள். ஒன்றேகால் பக்க மூலப்படிவம். நர்ஸ் மூன்று வரியையும் இரண்டு முறை படித்தார். ஃபோனையும் டாக்டர் கடிதத்தையும் வாங்கிக்கொண்டு மருத்துவ அதிகாரியின் அறைக்குப் போனார். கால் மணி நேரம். இதற்குள் காய்ச்சலோடு மூன்று பேர் அவர்களைக் கடந்து போனார்கள், ஒவ்வொருவர் வரும்போதும் அக்கா நாற்காலியை இரண்டு அடி தள்ளினாள். நர்ஸ் வரும்போது கடிதத்தின் மூலையில் அதிகாரியின் கையெழுத்து இருந்தது.

கையில் ஊசி இறக்கத் தசை இல்லை. எலும்புதான் தட்டுப்பட்டது. நர்ஸ் தொடையில் போட்டார். எறும்பு கடித்த மாதிரிகூட இல்லை. மூன்று நடை நடந்தது இதற்குத்தானா என்று நினைக்கையில் ஒருபக்கத்தாருக்கு வயிறு எரிந்தது. யார்மேல் எரிகிறது என்றும் இப்போது தெரிந்திருந்தது.

"கிளம்பலாமா?" என்றாள் அக்கா.

"இரு அக்கா." மூச்சை இழுத்துக்கொண்டார். "சிஸ்டர். ஏழால எத்தனை பேர்?"

நர்ஸ் புரியாதவர்போல் பார்த்தார். புரிந்துதான் இருந்தது. இழுப்பறையைத் திறந்து ஒரு நோட்டை எடுத்தார். திருப்பி அனுப்பியவர்களுக்கென்று தனிப்பக்கம். பெயர், ஃபோன் நம்பர், காரணம். காரணம் என்ற இடத்தில் ஏழு, ஏழு, ஏழு என்று இறங்கிக்கொண்டே போனது.

"பதினொண்ணு" என்றார். "எனக்கும் மனசு கேக்கலதான். ஒருத்தர் ரொம்பக் கெஞ்சினாரு. தப்பா எழுத மாட்டாங்கன்னு நெனச்சேன்."

இங்கே பதினொன்று. இந்தப் படிவம் போயிருக்கிற மற்ற நிலையங்களில் எத்தனை என்று நினைக்கவே பயமாக இருந்தது. ஒருபக்கத்தார் தன் பிரிவுத் தலைவரை அழைத்தார். அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "எழுதி அனுப்புங்க, அடுத்த அச்சுல திருத்திடலாம்" என்றார். அடுத்த அச்சு அடுத்த வருஷம். "இன்னைக்கே எல்லாருக்கும் சொல்லணும்" என்று சொல்ல மூன்று மூச்சு ஆயிற்று. அதற்குள் அந்தப் பக்கம் வேறு யாரோடோ பேச ஆரம்பித்திருந்தார்கள். அக்கா ஃபோனைப் பிடுங்கி, கற்றுக்கொடுக்கிற குரலில் நாலு வார்த்தை விட்டாள். மாலைக்குள் சுற்றறிக்கை போகும் என்று பதில் வந்தது. போகுமோ போகாதோ, போகாவிட்டால் நாளைக் காலை அவள் அந்த அலுவலகத்தில் போய் நிற்பாள்.

சாப்பாட்டு நேரத்தில் கூடம் காலியானது. நர்ஸ் தன் சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமல் நோட்டைப் பார்த்து எண்களை அழுத்தினார். "நானே பேசறேன்" என்று ஒருபக்கத்தார் பிடிவாதமாகச் சொன்னதால் ஒலிபெருக்கியில் போட்டு ரிசீவரை மேஜையில் வைத்தார்.

முதல் ஆள் வேறு நிலையத்துக்குப் போய், ஏழாவதுக்கு 'இல்லை' என்று டிக் போட்டு ஊசி போட்டுக்கொண்டாராம், கெட்டிக்காரர். இரண்டாவது ஒரு அம்மாள், மகளுக்காக அலைந்தவர், ஐந்து நிமிஷம் வறுத்தெடுத்துவிட்டு நாளைக்கே வருகிறேன் என்றார். ஒருபக்கத்தார் அவ்வளவையும் கேட்டுக்கொண்டார். மூன்றாவதும் நான்காவதும் எடுக்கவில்லை. ஐந்தாவது, ஆறாவது ஆட்கள் இன்றே வருவதாகச் சொன்னார்கள். எல்லோரிடமும் ஒரே வாக்கியம்தான், மூச்சுக்கு ஏற்றபடி வெட்டி வைத்திருந்தார்: "படிவத்துல தப்பு. உங்களுக்குப் போடலாம். வாங்க."

ஏழாவது எண்ணை ஒரு பெண் எடுத்தார். கெஞ்சினாரே, அவரோட மனைவி இவங்க என்று நர்ஸ் உதட்டசைவில் சொன்னார்.

"படிவத்துல தப்பு. உங்க வீட்டுக்காரருக்குப் போடலாம். வாங்க."

அந்தப் பக்கம் பின்னால் ஏதோ இயந்திரம் சீராகக் கூவிக்கொண்டிருந்தது. அந்தக் கூவலை அவர் பதினேழு நாள் கேட்டவர்.

"அவருக்குக் காய்ச்சல் வந்து அஞ்சு நாளாச்சு" என்றார் அந்தப் பெண். "நேத்து குழாய் போட்டாங்க. இப்ப எதுக்குக் கூப்பிடறீங்க? நீங்க யாரு?"

நர்ஸ் ரிசீவரை எடுக்கக் கை நீட்டினார். ஒருபக்கத்தார் தலையை அசைத்துத் தடுத்தார். இந்த முறை எதையும் வெட்டவில்லை. நான்கு இடத்தில் மூச்சு நின்றது, நின்று நின்று சொன்னார். "அந்தப் படிவத்தைத் தயார் பண்ணினவன் நான்தாம்மா. மூணு வரியா இருந்த கேள்விய ஒரு வரியா ஆக்கினேன். அதனாலதான் அவரத் திருப்பி அனுப்பிட்டாங்க. எனக்கும் தசை தேயற நோய்தான். போன வருஷம் எனக்கும் குழாய் போட்டாங்க. இது என் தப்பு, இவங்க தப்பு இல்ல."

அந்தப் பெண் அழவில்லை, திட்டவில்லை.

"உங்களுக்கு ஊசி போட்டாச்சா?" என்று கேட்டார்.

அக்கா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"போட்டாச்சும்மா" என்றார் ஒருபக்கத்தார்.