ஒன்றரை லிட்டர்

மூச்சின் விலை ஒரு நாளைக்கு நூற்றெழுபது ரூபாய். இருநூறு என்றுதான் தேவேந்திரன் ஆரம்பித்தான். அவன் ஆக்சிஜன் மெஷினை வாடகைக்கு விடுகிறவன். நான் செஞ்சியில் முப்பத்தைந்து வருஷமாக மல்லாட்டை தரகு பார்க்கிறவன். வேர்க்கடலைக்கு எங்கள் பக்கத்தில் அதுதான் பேர். ஆஸ்பத்திரிக்குள்ளே என் மனைவி சாமுண்டீஸ்வரி இழுத்துக்கொண்டு கிடக்கிறாள், வாசலில் நான் முப்பது ரூபாய்க்கு மல்லுக்கு நிற்கிறேன். பயம் வந்தால் சிலர் சாமி கும்பிடுவார்கள். எனக்குப் பேரம்தான் வரும்.

எங்கள் தொழிலில் முதலில் சொல்லும் எண்ணை யாரும் நம்புவதில்லை. சொல்கிறவனே நம்பமாட்டான். நிஜமான எண் பத்து நிமிஷம் கழித்து, இரண்டு டீக்குப் பிறகு, சலித்துக்கொண்டே வெளியே வரும். இது தெரியாதவன் மண்டியில் ஒரு வாரம் தாங்கமாட்டான். இது மட்டுமே தெரிந்தவன் என்ன ஆவான் என்பதை நான் சொல்கிறேன்.

ஆஸ்பத்திரியில் பத்து நாள் வைத்திருந்து அனுப்பும்போது டாக்டர் அமலா எங்களை உட்கார வைத்துப் பேசினார்.

“யாருக்கு பீடி பழக்கம்?”

“எனக்குத்தான். ஆனா எனக்கு ஒண்ணுமில்லயே டாக்டர், இருமறது இவதான்.”

“அம்மா எதுல சமைப்பாங்க?”

“இட்லிக் கடை வச்சிருந்தேம்மா,” என்றாள் சாமுண்டி. நான்கு சொல்லுக்கு ஒரு மூச்சு வாங்கினாள். “இருபத்தெட்டு வருஷம். மல்லாட்டத் தோலுதான் எரிப்பேன். இவரு மில்லுல... சும்மா குடுக்கறாங்கன்னு... மூட்ட மூட்டயா கொண்ணாந்து போடுவாரு.”

சும்மா வந்தது என்று நான் ஊரெல்லாம் பெருமை அடித்த சரக்கு அது. டாக்டர் என்னைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் தேவலை.

“காத்து போற குழாயெல்லாம் சுருங்கிப்போச்சு. கடைசியில இருக்கற சின்னச் சின்ன பைங்க தொளதொளன்னு ஆயிடுச்சு. உள்ள போன காத்து முழுசா வெளிய வரமாட்டேங்குது. இது பழையபடி ஆவாது. ஆனா கட்டுக்குள்ள வெக்கலாம். இன்ஹேலர் காலைல ராத்திரி, நல்லா இருந்தாலும் இழுக்கணும், இழுத்துட்டு வாய் கொப்பளிக்கணும். மூச்சு முட்டுனா சூடு டீயை ஊதற மாதிரி ஒதட்டைக் குவிச்சு மெதுவா விடணும். வீட்டுக்குள்ள பீடி, ஊதுவத்தி, அடுப்புப் புகை எதுவும் கூடாது. ஆக்சிஜன் ஒன்றரை லிட்டர். வெரல்ல மாட்டற மீட்டர் எண்பத்தெட்டுல இருந்து தொண்ணூத்திரண்டுக்குள்ள நின்னா போதும்.”

“எண்பத்தெட்டு போதுமா? மெஷின்ல அஞ்சு வரைக்கும் இருக்குதே டாக்டர். அஞ்சுக்கும் சேத்துதான வாடகை தரேன்?”

“இது பேரம் பேசற எடம் இல்லய்யா. இவங்க ஒடம்புல கெட்ட காத்து தங்கிப்போவுது. ஆக்சிஜன் அதிகமாச்சுன்னா அது இன்னும் ஏறும். நல்லாத் தூங்கற மாதிரியே இருக்கும், அப்படியே மயக்கத்துல கொண்டுபோயி விட்டுரும்.”

தலையாட்டினேன். தரகன் தலையாட்டினால் ஒத்துக்கொண்டான் என்று அர்த்தமில்லை.

வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள், மத்தியானம் பன்னிரண்டு பத்துக்கு, பாத்ரூம் போனவள் சுவரைப் பிடித்துக்கொண்டு திரும்பி வந்தாள். கட்டிலை எட்டுவதற்குள் கழுத்து நரம்பெல்லாம் புடைத்துவிட்டது. மீட்டரை விரலில் மாட்டினேன். எண்பத்தைந்து.

“ஏங்க... காத்து...”

உதட்டைக் குவித்து ஊதச் சொல்லியிருக்க வேண்டும். ஒரு பத்து நிமிஷம் பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். அவள் கண்ணைப் பார்த்துக்கொண்டு யாரால் உட்கார முடியும்? கிணற்றுக்குள் விழுந்தவள் மேலே பார்ப்பது போலப் பார்த்தாள். ஒன்றரை என்பது டாக்டர் சொன்ன முதல் எண், நிஜமான எண் அதற்கு மேலே எங்கேயோ இருக்கிறது என்று என் முப்பத்தைந்து வருஷ அனுபவம் சொன்னது. திருகினேன். நாலு.

தொண்ணூறு. தொண்ணூற்று நாலு. தொண்ணூற்றேழு. இழுப்பு அடங்கி, தலை சாய்ந்து, தூங்கிப்போனாள். பதிமூன்று நாளில் முதல் தடவையாக வீட்டில் சத்தமே இல்லை. நான் நிம்மதியாகச் சோறு போட்டுச் சாப்பிட்டேன். அதைத்தான் என்னால் இன்னும் ஜீரணிக்க முடியவில்லை.

ஒன்றே முக்காலுக்கு மகள் நிலா சென்னையிலிருந்து பேசினாள்.

“தொண்ணூத்தி ஏழும்மா! ஒங்கம்மா பர்ஸ்ட் கிளாஸ்ல பாஸாயிட்டா. நல்லாத் தூங்கறா.”

“தொண்ணூத்தி ஏழா? தொண்ணூத்திரண்டத் தாண்டக் கூடாதுன்னுதான டாக்டர் சொன்னாங்க, எப்புடி நைனா?” அவள் குரல் மாறிவிட்டது. “எழுப்பு அம்மாவ. பேச வை. போனை வைக்காத.”

“பாவம், இப்பத்தான்...”

“எழுப்பு நைனா!”

தோளைத் தொட்டேன். உலுக்கினேன். கண் பாதி திறந்து எங்கோ பார்த்தது. முகம் சிவந்து, உள்ளங்கை சூடாக இருந்தது. “சாமுண்டி, நான் யாரு, சொல்லு.”

“சட்னி... தீந்துபோச்சு,” என்று குழறிவிட்டு மறுபடி கண்ணை மூடிக்கொண்டாள். கையைத் தூக்கி விட்டேன். அது துணி மாதிரி விழுந்தது.

நிலாவின் போனை வைத்தேன். டாக்டருக்குப் போன் போட்டேன்.

“எவ்ளோ வெச்சீங்க?” அதுதான் அவர் கேட்ட முதல் கேள்வி.

“ரெண்டு,” என்றேன்.

கட்டியவள் நினைவு தப்பிக் கிடக்கிறாள், என் வாய் பாதி விலை சொல்கிறது! பழக்கம் அப்படி.

“ரெண்டுல இப்புடி ஆவாது. அய்யா, நீங்க சொல்ற நம்பரை வச்சுதான் நான் முடிவு பண்ணணும்.”

“நாலு,” என்றேன். “நாலு டாக்டர். ஒன்றரை மணி நேரமா.”

“இப்பவே ஒன்றரைக்குக் கொறைங்க. அடியோட நிறுத்தக் கூடாது. நிமித்தி உக்கார வையுங்க, 108க்கு அடிங்க. ஆஸ்பத்திரில மாஸ்க் மெஷின் ரெடியா வெக்கச் சொல்றேன். மீட்டர் எறங்கும். எறங்கட்டும். எண்பத்தெட்டுக்குக் கீழ போனா எனக்குச் சொல்லுங்க. நீங்களா திருகாதீங்க.”

மணி ஒன்று ஐம்பது. ஒன்றரைக்குத் திருகினேன். 108க்குச் சொல்லிவிட்டு, நிலாவை மறுபடி கூப்பிட்டு, போனை எதிரே சாய்த்து வைத்தேன். அவளை நிமிர்த்தி என் நெஞ்சில் சாய்த்துக்கொண்டேன். தொண்ணூற்றாறு. தொண்ணூற்று மூன்று. ஏறுகிற எண்ணைப் பார்த்தே வளர்ந்த கண் எனக்கு. என் கையால் குறைத்துவிட்டு அது இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருப்பது, பாறைச் சரிவில் நின்றுகொண்டு அவள் கையை விரல் விரலாக விடுவது போல இருந்தது. தொண்ணூற்றொன்று. தொண்ணூறு. எண்பத்தொன்பது. என் கை இரண்டு தடவை மெஷினின் திருகு வரைக்கும் போயிற்று.

“நைனா, கைய எடு,” என்றாள் நிலா. போனில் எப்படிப் பார்த்தாளோ! வீடியோவை நானே அழுத்தியிருக்கிறேன், தெரியவில்லை.

எண்பத்தொன்பதிலேயே நின்றது. வண்டி வந்தது.

ஆஸ்பத்திரியில் மூக்கும் வாயும் மூடுகிற மாஸ்க்கை இறுகக் கட்டினார்கள். அந்த மெஷின் காற்றைத் தள்ளி, உள்ளே தங்கிய கெட்ட காற்றை வெளியே வாங்குமாம். மணிக்கட்டில் ரத்தம் எடுத்துப்போனார்கள். இளம் டாக்டர் ஒருவர் சீட்டோடு வந்தார்.

“ரத்தத்துல கெட்ட காத்து தொண்ணூத்திரண்டு இருக்குது. நமக்கு நாப்பது. இவங்களுக்கு வழக்கமா அம்பத்தஞ்சு இருக்குமாம், அமலா மேடம் சொன்னாங்க. ரெண்டு மணி நேரத்துல எறங்கலன்னா தொண்டைல குழாய் போட வேண்டியிருக்கும். எத்தன மணிலேர்ந்து எத்தன மணி வரைக்கும் நாலு வெச்சீங்க?”

“பன்னண்டு பத்துலேர்ந்து ஒண்ணு அம்பது. நூறு நிமிஷம். சொன்னதுக்கு மேல நிமிஷத்துக்கு ரெண்டரை லிட்டர். மொத்தம் எரநூத்தம்பது லிட்டர் சாஸ்தி.”

அவர் நிமிர்ந்து பார்த்தார். ஒரு லிட்டர்கூட நான் குறைத்துச் சொல்லவில்லை.

இரண்டு மணி நேரம் கழித்து மறுபடி ரத்தம் எடுத்தார்கள். சாமுண்டி கண்ணைத் திறந்து, மாஸ்க்குக்குள்ளிருந்து என்னை அடையாளம் கண்டு, முறைத்தாள். அது எனக்கு வேண்டியதுதான். குழாய் இப்போதைக்கு வேண்டாம், ஆனால் இந்த ராத்திரி தாண்டட்டும் என்றார்கள். சீட்டை வாங்கிப் பார்த்தேன்.

வந்தபோது தொண்ணூற்றிரண்டு. இப்போது எழுபத்தொன்று. இறங்கியது இருபத்தொன்று. அவளுடைய ஐம்பத்தைந்துக்கு இறங்க வேண்டிய பாக்கி பதினாறு.