சந்திப்பு நடைபெறவில்லை

அவள் சட்டை தைக்கும் கம்பெனியில் துணி வெட்டுகிறவள். சனிக்கிழமை அரை நாள் விடுப்புக்காக மேற்பார்வையாளனிடம் பல்லைக் காட்டி, ஏழு வயது மகளுக்குத் தலை வாரி, பத்து மணிக்கெல்லாம் குடும்பநல கோர்ட்டின் சந்திப்பு அறையில் கொண்டுபோய் உட்கார வைப்பாள். வர வேண்டியவன் வரமாட்டான். ஒன்றா, இரண்டா, ஒன்பது சனிக்கிழமை! பெற்ற மகளை வாரம் இரண்டு மணி நேரம் பார்த்தே ஆகவேண்டுமென்று மனுப் போட்டு வாங்கிய மகராசன், ஒரு நாள்கூட எட்டிப் பார்க்கவில்லை.

பன்னிரண்டு அடித்ததும் குமாஸ்தா பதிவேட்டைத் திறந்து, 'சந்திப்பு நடைபெறவில்லை' என்று எழுதி அவள் பக்கம் தள்ளுவார்.

"அவர் வரலன்னு எழுதுங்க சார்."

"அதுக்குக் கட்டம் இல்லம்மா. நடந்துச்சு, நடக்கல, ரெண்டுதான். வந்தவங்க கையெழுத்துப் போடணும்."

வந்தவள் அவள் ஒருத்திதானே. போட்டாள். கம்பெனியில் நீட்டுகிற தாளிலெல்லாம் கையெழுத்துப் போட்டுப் பழகிய கை. ஆனால் வாய் சும்மா இருக்குமா? பஸ் ஏறுகிறவரை, "உங்கப்பன் ஒரு மனுசனாடி? த்தூ!" என்று திட்டித் தீர்ப்பாள். மகள் கூடவே நடப்பாள்.

இன்று விசாரணை. அவனுடைய வக்கீல் நீதிபதி அம்மாள் முன் அந்தப் பதிவேட்டைத் தூக்கிப் பிடித்தார்.

"ஒன்பது தடவை சந்திப்பு நடக்கல அம்மா. அத்தனைக்கும் கீழ இவங்க கையெழுத்து. தகப்பனையும் மகளையும் பிரிக்கறாங்க. குழந்தையப் பாத்துக்கற பொறுப்பைச் சரிபாதியாக்குங்க. அப்போ ஜீவனாம்சமும் பாதி போதும்."

ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதைதான். அவளுக்கு உச்சந்தலை வரை சுறுசுறுவென்று ஏறியது. "பொய்! அந்த ஆளு ஒரு நாள்கூட வரல. நான்தான் நாய் மாதிரி காத்துக் கிடந்தேன்" என்று கத்தினாள். "உட்காருங்கம்மா" என்றார் நீதிபதி அம்மாள். அவளுடைய வக்கீலும் உட்காரச் சொல்லிக் கையைக் காட்டினார், அந்த மனுசனுக்கு வேறென்ன தெரியும்.

நீதிபதி குழந்தையைத் தன் அறைக்கு அழைத்துப் போனார். பத்து நிமிடம் கழித்து வந்தார்.

"அப்பாவைப் பாக்க வரப் பிடிக்கலையாம். ஏன்னு கேட்டேன். வந்தா அம்மாவுக்குக் கோவம் வருதாம், வழியெல்லாம் அப்பாவைத் திட்டறீங்களாம்."

பிள்ளை சொன்னதில் ஒரு வார்த்தை பொய்யில்லை. அவளுக்கு அவன்மேல் இருந்த ஆத்திரம் முழுக்க அப்போது தன்மேலேயே திரும்பியது, நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

"இப்படி இருந்தா பிள்ளை அப்பாகிட்ட எப்படி ஒட்டும்? இனிமே வாராவாரம் சனி, ஞாயிறு ரெண்டு நாளும் குழந்தை அப்பா வீட்டுல இருக்கட்டும்" என்று சொல்லி, நீதிபதி எழுதத் தொடங்கினார்.

அவன் திடுக்கிட்டு வக்கீல் பக்கம் சாய்ந்தான். ரகசியம் பேசுவதாக அவனுக்கு நினைப்பு.

"ரெண்டு நாளுமா? வாராவாரமா? பணத்தைக் குறைக்கத்தானே சார் சொன்னேன்! பிள்ளைய வச்சுக்கிட்டு நான் என்ன பண்றது?"

தவளை தன் வாயால் கெட்டது. கடைசி பெஞ்சு வரை கேட்டுவிட்டது.

நீதிபதி பேனாவைக் கீழே வைத்தார். "ஒரு சனிக்கிழமையாவது வந்தீங்களா?"

அவனுடைய வக்கீல் பதிவேட்டை மூடி வைத்தார். எழுதிய தாள் கிழிந்தது. மகள் தாயோடுதான், ஜீவனாம்சத்தில் ஒரு காசு குறையாது என்று உத்தரவு ஆனது. அவளுடைய வக்கீல் தானே ஜெயித்த மாதிரி ஈயென்று இளித்தார்.

அவள் அதைப் பார்க்கவில்லை. நீதிபதியின் அறை வாசலில் மகள் நின்றிருந்தாள். எப்போது வந்து நின்றாளோ! ஓடிப்போய் அந்தக் காதுகளைப் பொத்தினாள். பொத்தி என்ன பிரயோசனம்?

படியிறங்கும்போது மகள் கேட்டாள்:

"அம்மா, அப்பாவுக்கு ரெண்டு நாள் கஷ்டம்னா, ஒரு நாள் மட்டும் வரேன்னு சொல்லட்டுமா?"

அடப் பாவி! அவன் ஏழு தலைமுறையையும் இழுத்துத் திட்டும் வார்த்தை அவள் நாக்கு நுனிவரை வந்தது. மகள் அண்ணாந்து அவள் முகத்தையே பார்த்தாள்.

"கோவமாம்மா?"

"இல்லடி தங்கம்" என்றாள், வந்த வார்த்தையை விழுங்கிக்கொண்டு.