நீட்டிப் பாடுகிற இடம்

அவள் டாக்டர் இல்லை. ஆனாலும் தெருவில் அவளுக்குக் 'காது டாக்டர்' என்றுதான் பெயர். காது மந்தமானவர்களுக்குச் செவிக்கருவி பொருத்தி, அதைக் கம்ப்யூட்டரில் இணைத்து, அவரவர் காதுக்குத் தக்கபடி அமைத்துக் கொடுப்பது அவள் வேலை. பதினெட்டு வருஷ அனுபவம். வந்தவர் வாயைத் திறக்கும் முன்பே குறை என்னவென்று சொல்லிவிடுவாள் என்று ஒரு பேச்சு உண்டு. அந்தப் பேச்சைக் கிளப்பிவிட்டதே அவள்தான் என்பது வேறு விஷயம்.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை, ஓய்வுபெற்ற வயலின் வாத்தியார் ஒருவர் வயலினையும் கையோடு தூக்கிக்கொண்டு வந்தார். காதிலிருந்த செவிக்கருவி வேறெங்கோ வாங்கியது.

"பேச்செல்லாம் பளிச்னு கேக்குது மேடம். வாசிச்சாத்தான் வம்பு. நீட்டிப் பிடிக்கிற இடத்துல நடுங்குது. நாற்பது வருஷம் வாசிச்ச கை இது. இப்ப என் மேலயே எனக்குச் சந்தேகம் வந்துடுச்சு."

அவள் நாற்காலியை அருகே இழுத்துப் போட்டுக்கொண்டாள். தண்ணீர் கொடுத்தாள். வாசிக்கச் சொல்லிக் கேட்டாள். ஒரு மணி நேரம், அவர் சொன்னதையெல்லாம் வரி விடாமல் கம்ப்யூட்டரில் அவருக்கென்று திறந்த பக்கத்தில் ஏற்றினாள். பிறகு கருவியின் அமைப்பில் இரண்டே இடத்தைத் தொட்டாள்.

"இப்ப வாசிங்க சார்."

வாசித்தார். பாதியில் வில்லைக் கீழே வைத்துவிட்டு அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"உங்க மேல தப்பே இல்ல சார்," என்று அவள் விளக்கினாள். "இதைப் பேச்சுக்குன்னே அமைச்சிருக்காங்க. கருவி சில சமயம் தானாவே கீச்சுனு விசில் அடிக்கும். அதை அடக்க உள்ளேயே ஒரு காவல் இருக்கு. ஒரே ஸ்வரம் நீளமா வந்தா அதையும் விசில்னு நினைச்சு வெட்டப் பாக்கும். அதனாலதான் நடு..."

சொல் பாதியில் நின்றது. நீட்டிப் பாடுற இடத்துல நடுங்குதுடி. இதே குறையை, கிட்டத்தட்ட இதே வார்த்தையில், இரண்டு வருஷத்துக்கு முன்பு ஒருத்தி அவளிடம் சொல்லியிருக்கிறாள். அவளைப் பெற்றவள்.

அம்மா நூல் ஆலையில் முப்பது வருஷம் இருந்தவள். பக்கத்தில் இடி விழுந்தாலும் தெரியாத இரைச்சல் அங்கே. அதற்கு நடுவிலும் பாடிக்கொண்டேதான் வேலை செய்வாள். ஒருவருக்கும் கேட்காது. வாய் அசைவதைப் பார்த்தே உடன் வேலை செய்த பெண்கள் 'ரேடியோ' என்று பெயர் வைத்தார்கள். முறையாகக் கற்றுக்கொண்டதில்லை, பாட்டென்றால் உயிர், அவ்வளவுதான். வீட்டில், கடைவீதியில், பஸ்ஸில், எங்கே நின்றாலும் பாட்டு. மகளுக்குப் பத்து வயதிருக்கும்போது ஒருநாள், பள்ளித் தோழிகள் அதே பஸ்ஸில் ஏறுவதைப் பார்த்ததும், அம்மாவின் கையை நறுக்கென்று கிள்ளினாள். "மெதுவாம்மா. யாருக்காவது கேக்கப் போகுது." அம்மா சிரித்துக்கொண்டு, மீதிப் பாட்டுக்கு வாயை மட்டும் அசைத்தாள்.

ஆலை அம்மாவின் காதைத் தின்றது. மகளே கருவி பொருத்தினாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை, சினிமாவுக்குக் கிளம்பும் அவசரத்தில், கம்பெனி அனுப்பிய அமைப்பை அப்படியே விட்டுவிட்டு. தனக்குப் பிடித்த பழைய சினிமாப் பாட்டு ஒன்றைப் போட்டுக் கேட்டு அம்மா முதல் தடவை குறை சொன்னபோது, "பழகப் பழகச் சரியாயிடும்மா" என்றாள். அடுத்த தடவை கேலி: "பாடுறவருக்கு வயசாயிடுச்சோ என்னவோ." அம்மா, "போடி, அவர் இதைப் பாடும்போது நீ தொட்டில்ல கிடந்தே" என்று சிரித்தாள். பதிவான குரலுக்கு ஏது வயசு என்று அத்தனை வருஷ அனுபவத்துக்குத் தோன்றவில்லை பாருங்கள். மூன்றாம் தடவை, செல்போனிலிருந்து கண்ணை எடுக்காமலே, "இந்த வயசுல இவ்வளவு கேக்குறதே பெரிசும்மா" என்று முடித்துவிட்டாள்.

அதன் பிறகு அம்மா சொல்லவில்லை. பாடவும் இல்லை, குளியலறையில்கூட. மகள் அதைக் கவனிக்காமல் இல்லை. "அம்மா இப்பல்லாம் சத்தமே போடுறதில்ல, வீடு நிம்மதியா இருக்கு" என்று கணவனிடம் சொன்னாள். எழுதவே கூசுகிறது. ஆனால் சொன்னாள்.

வாத்தியாரை வாசல்வரை போய் அனுப்பிவிட்டு வந்து, கம்ப்யூட்டரில் அம்மாவின் பக்கத்தைத் திறந்தாள். வாத்தியாருக்கு இரண்டு பக்கம் எழுதிய அதே கை, அம்மாவுக்கு ஒரே வரி எழுதியிருந்தது: 'குறை எதுவும் இல்லை. திருப்தி.' மானம் போகிறது என்பார்களே, அது போவதற்கு யாரும் பார்க்க வேண்டியதில்லை என்று அவளுக்கு அப்போது தெரிந்தது. தலைவலி என்று சொல்லிவிட்டு, லேப்டாப்பை எடுத்துக்கொண்டு மத்தியானமே வீட்டுக்குக் கிளம்பினாள்.

அம்மா சமையலறையில் பீன்ஸுக்கு நார் எடுத்துக்கொண்டிருந்தாள்.

"என்னடி சீக்கிரம்? உடம்பு கிடம்பு சரியில்லையா?"

வழியெல்லாம் உண்மையைத்தான் ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்தாள். வாயைத் திறந்தால் வேறு வந்தது. "காதுல இருக்கிறதைக் குடும்மா. புதுசா ஒரு ப்ரோக்ராம் வந்திருக்கு, ஏத்திப் பாக்கலாம்."

இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. கருவியை அம்மாவின் காதில் மாட்டிவிட்டு, செல்போனில் அந்தப் பழைய பாட்டை வைத்தாள். அம்மாவின் கை பீன்ஸோடு அப்படியே நின்றது. நீட்டிப் பாடுகிற இடம் வந்தது. குரல் எழும்பி, அங்கேயே தங்கி, மெல்ல இறங்கியது.

"நிக்குதுடி," என்றாள் அம்மா. "ஆடாம நிக்குது." காதைத் தொட்டுப் பார்த்து, "அப்போ கோளாறு இதுலயா? நான்தான்னு நினைச்சேன். குளிக்கும்போது பாடினா என் குரலே நடுங்குச்சு. சரி, நம்ம தொண்டை அவ்வளவுதான்னு விட்டுட்டேன். உனக்கும் தொந்தரவு இல்ல பாரு."

குத்திக்காட்டவில்லை. அந்த அம்மாவுக்குக் குத்திக்காட்டவே தெரியாது. அதைத்தான் மகளால் தாங்க முடியவில்லை.

அதற்குள் அம்மா தன் பழைய ஆலைத் தோழிக்குப் போன் போட்டாயிற்று. "என் பொண்ணு புதுசா என்னமோ கொண்டாந்து சரி பண்ணிட்டா. வேலையை விட்டுட்டு எனக்காக ஓடி வந்திருக்கா. கெட்டிக்காரி அவ."

"போனை வைம்மா."

"ஏண்டி?"

"வைம்மா, சொல்றேன்." அம்மா வைத்தாள். "புதுசு ஒண்ணும் இல்ல. அன்னிக்கே இந்த வசதி கருவிக்குள்ளதான் இருந்துச்சு. நான்தான் பாக்கல. இன்னிக்கு ஒரு வயலின் வாத்தியார் வந்து நீ சொன்னதையே சொன்னார். அப்புறம்தான் உறைச்சுது. புதுசுன்னு சொன்னது பொய்."

அம்மா நறுக்காத பீன்ஸை ஒழுங்காக அடுக்கிவைத்தாள்.

"அவர் எத்தனை தடவை சொன்னார்?"

"ஒரு தடவைம்மா."

"ம்." அம்மா தலையசைத்தாள். "நான் மூணு தடவை சொன்னேன்."

அவ்வளவுதான். கோபப்பட்டிருந்தால் மகள் காலில் விழுந்து தப்பித்திருப்பாள். அம்மா கத்தியை எடுத்துக்கொண்டு வேலையைத் தொடர்ந்தாள்.

பாட்டு இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. அம்மாவின் உதடுகள் அசையத் தொடங்கின. சத்தம் வரவில்லை.

"சத்தமாப் பாடும்மா."

"வேணாம்டி. யாருக்காவது கேக்கப் போகுது."

பஸ்ஸில் கிள்ளியபோது கொடுத்த வார்த்தை, ஓரெழுத்து மாறாமல் திரும்பி வந்தது. அம்மாவுக்கு அது நினைவிருந்ததா, சும்மா சொன்னாளா, மகளுக்குத் தெரியவில்லை. கேட்கவும் முகமில்லை.

"கேக்கட்டும்மா," என்றாள்.

அம்மா கத்தியைக் கீழே வைத்தாள். தலையை ஒரு பக்கம் சாய்த்துக் கூர்ந்து கேட்டாள். கை தானாகக் காதிலிருந்த கருவிக்குப் போயிற்று.

"நீ பேசுறது இன்னும் நடுங்குதேடி."

"இல்லம்மா," என்றாள் மகள். "அது கருவி இல்ல. நான்தான்."